சுவரில் கொசு இல்லை, காய்ச்சல் குறையவில்லை: எட்டாத ஊர்களில் மலேரியாத் தடுப்பை எதை வைத்து அளப்பது?

காட்டுப்பாதை எழுதியது:

வணக்கம். மலேரியாத் தடுப்புப் பணியில் பூச்சியியல் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பொறுப்பில் உள்ள ஊர்களில் பாதிக்கு மேல் வண்டி போகாது. சாலை முடியும் இடத்திலிருந்து நான்கைந்து மணி நேரம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓடையைக் கடக்க முடியாமல் பாதியில் திரும்பிய நாள்களும் உண்டு. சென்ற ஆண்டு இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் வீட்டுச் சுவர்களுக்கு மருந்து தெளித்து, மருந்தேற்றிய கொசுவலைகளையும் கொடுத்தார்கள். அதன் பலனை மதிப்பிடும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

இதுவரை நாங்கள் செய்துவந்தது ஒன்றுதான். விடியற்காலையில் வீடு வீடாகச் சென்று, டார்ச் வெளிச்சத்தில் சுவரிலும் கூரையின் அடிப்பக்கத்திலும் உட்கார்ந்திருக்கும், மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுக்களை உறிஞ்சுகுழலால் பிடித்து, ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை பிடித்தார் என்று எழுதிக்கொள்வோம். மருந்து தெளித்த பிறகு இந்த எண் அநேகமாகப் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் அதே ஊர்களில் இரத்தப் பரிசோதனையில் மலேரியா கண்டறியப்படுபவர்களின் எண்ணிக்கை அந்த அளவுக்கு இறங்கவில்லை. மேலே இருப்பவர்கள் கொசுக் கணக்கைக் காட்டித் திட்டம் வெற்றி என்கிறார்கள். ஊரில் இருக்கும் சுகாதாரப் பணியாளர், காய்ச்சல்காரர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள் என்கிறார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்பதுதான் என் சிக்கல்.

என்னிடம் இரண்டு பூச்சிப்பிடிப்பாளர்கள், ஒரு நுண்ணோக்கி, ஆண்டுக்கு நான்கு பயணங்களுக்கான அனுமதி, இவ்வளவுதான் இருக்கின்றன. மின்சாரம் கிடையாது. இந்த நிலையில் எந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டால் பயன் இருக்கும்?


நுண்ணோக்கி எழுதியது:

நீங்கள் அளந்தது கொசுக்களின் தொகையை அன்று; விடிந்த பிறகும் சுவரில் தங்கியிருக்கும் கொசுக்களின் தொகையை. தெளிப்புக்கு முன் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்திருக்கலாம், தெளிப்புக்குப் பின் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டிடிடியும் பைரித்ராய்டு வகை மருந்துகளும் கொசுவைக் கொல்வதோடு நில்லாமல் அதை எரிச்சலூட்டி விரட்டவும் செய்யும். இரவு உள்ளே வந்து தூங்குபவரைக் கடித்து இரத்தம் குடித்த கொசு, சுவரில் கால் வைத்ததும் அங்கே இருக்கப் பொறுக்காமல் விடிவதற்கு முன்பே கூரை இடுக்கு வழியாக வெளியேறிப் புதரில் போய் உட்கார்ந்திருக்கும். நீங்கள் டார்ச்சோடு உள்ளே போகும்போது சுவர் வெறிச்சோடிக் கிடக்கும். அது செத்ததா, இடம் மாறியதா என்பதை உங்கள் எண் சொல்லாது.

இன்னொன்று, கொசு வெளியேயே கடிக்கத் தொடங்கியிருக்கலாம். சாலமன் தீவுகளில் டிடிடி தெளித்த காலத்தில், வீட்டுக்குள் நள்ளிரவில் கடித்துவந்த கோலியென்சிஸ், பங்டுலேட்டஸ் என்ற இரண்டு அனாபிலிஸ் இனங்களும் அநேகமாக மறைந்துபோயின. ஆனால் ஃபாராட்டி என்ற மூன்றாவது இனம், மக்கள் படுக்கப் போகும் முன்பே, பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வெளியே கடிப்பதாக மாறி, நோயைத் தொடர்ந்து பரப்பியது. அங்கே யாராவது சுவரை மட்டும் பார்த்துக் கணக்கெழுதியிருந்தால் முழு வெற்றி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

என்னைக் கேட்டால், உங்களிடம் இருக்கும் அந்த ஒரு நுண்ணோக்கியை வைத்துக் கொசுவின் வயதைப் பாருங்கள் என்பேன். மலேரியாவைப் பரப்புவது கொசு அன்று, கிழட்டுக் கொசு. மலேரியா ஒட்டுண்ணிகளில் மிகக் கொடியதான ஃபால்சிபாரம் கொசுவின் வயிற்றில் நுழைந்து, வளர்ந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதற்கு 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 10 நாள் ஆகும். 20 டிகிரியில் 28 நாள் வரை ஆகும். அதற்குள் செத்துப்போகும் கொசு எத்தனை பேரைக் கடித்தாலும் நோயைக் கொடுக்காது. தெளிப்பும் வலையும் செய்ய வேண்டிய முதல் வேலை கொசுவின் ஆயுளைக் குறைப்பதுதான், எண்ணிக்கை குறைவது அதற்கு அடுத்தபடி.

வயதைக் கண்டறியும் முறை பழையது. டெட்டினோவா என்ற சோவியத் பூச்சியியலாளரின் பெயரால் வழங்குவது. இரத்தம் குடிக்காத பெண் கொசுவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி காய்ச்சி வடித்த நீர் விட்டு, மார்பை ஓர் ஊசியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வயிற்றின் கடைசிக் கண்டத்தை மற்றோர் ஊசியால் மெதுவாக இழுத்தால் சூலகம் இரண்டும் வெள்ளையாக வெளியே வரும். அவற்றைத் தனியாகத் தள்ளி அப்படியே காயவிடுங்கள். காய்ந்ததும் நுண்ணோக்கியில் பார்த்தால், சூலகத்தின் மேல் ஓடும் நுண்ணிய மூச்சுக்குழல்களின் நுனிகள் காற்று நிரம்பிக் கறுப்பாகத் தெரியும். அந்த நுனிகள் நூல்சிண்டு போல இறுக்கமாகச் சுருண்டிருந்தால் அந்தக் கொசு இன்னும் ஒரு முறைகூட முட்டையிடவில்லை. சுருள் பிரிந்து வலை போல நீண்டிருந்தால் ஒரு முறையாவது முட்டையிட்டது. முட்டை வளரும்போது சூலகம் விரிந்து சுருளைப் பிரித்துவிடுகிறது, பிறகு அது மறுபடி சுருளாது. இரத்தம் குடித்து முட்டை பாதி வளர்ந்த கொசுவில் சுருள் ஏற்கெனவே பிரிந்திருக்கும் என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காய்ந்த தகட்டைப் பெட்டியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து, அலுவலகத்தில் நிதானமாகப் பார்க்கலாம் என்பது உங்களைப் போல நடந்து போகிறவர்களுக்குப் பெரிய வசதி.

இதில் என்ன தெரியும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. பிடித்த கொசுக்களில் முட்டையிட்டவை 73 சதவீதம் என்றும், ஒரு முறை இரத்தம் குடித்து முட்டையிட்டு மறுபடி இரத்தம் தேடி வருவதற்கு மூன்று நாள் என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று நாளைத் தாண்டிப் பிழைத்தவை 73 சதவீதம் என்பதால், ஒரு நாளுக்கு 0.73-இன் கனமூலம் 0.9, அதாவது ஒவ்வொரு நாளும் பத்தில் ஒன்பது கொசு தப்பிப் பிழைக்கிறது. 10 நாள் தாண்டி உயிரோடு இருப்பவை நூற்றுக்கு 35. தெளிப்புக்குப் பின் முட்டையிட்டவை 34 சதவீதமாகக் குறைந்தால் அன்றாடப் பிழைப்பு 0.7, 10 நாள் தாண்டுபவை நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அப்படித் தாண்டியவை அதற்குப் பிறகு வாழும் சராசரி நாள்களும் ஒன்பதரையிலிருந்து மூன்றுக்கும் கீழே போய்விடும். இரண்டையும் சேர்த்தால், கடிக்க வரும் கொசுக்களின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாத நிலையிலும் நோய் பரப்பும் ஆற்றல் 40 மடங்குக்கு மேல் சரிந்திருக்கும். உங்கள் ஊர்களில் நடந்தது இதற்கு நேர் எதிராகவும் இருக்கலாம்: எண்ணிக்கை குறைந்திருக்கும், மிஞ்சியவை நன்றாக வயதாகி வாழ்ந்துகொண்டிருக்கும்.


கணக்கர் எழுதியது:

மேலே சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை வேண்டும். முட்டையிட்டவற்றின் விகிதம் மருந்தால் மட்டும் குறைவதில்லை. நல்ல மழை பெய்து பத்துப் பதினைந்து நாளில் புதிய கொசுக்கள் கூட்டமாக வெளிவரும்போது, இளசுகள் பெருகுவதாலேயே அந்த விகிதம் விழுந்துவிடும். தெளிப்புக்கு முன் வறண்ட மாதத்தில் ஒரு பயணம், தெளிப்புக்குப் பின் மழை மாதத்தில் ஒரு பயணம் என்று ஒப்பிட்டால், மழை செய்த வேலையை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். இது பேச்சுக்குச் சொல்வதன்று, நானே ஒரு முறை இப்படி எழுதி அறிக்கை அனுப்பி, பிறகு வெட்கப்பட்டுத் திரும்பப் பெற்றிருக்கிறேன்.

ஆகவே ஒப்பீட்டு ஊர் இல்லாமல் எந்த அளவுகோலும் நிற்காது. ஒரே பருவத்தில், ஒரே வாரத்தில், தெளித்த ஊரிலும் தெளிக்காத ஊரிலும் பிடித்து, முன்னும் பின்னும் ஏற்பட்ட மாற்றத்தை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மாதிரியின் அளவு என்று வரும்போது ஊர்களைத்தான் எண்ண வேண்டும். ஒரே ஊரில் ஆயிரம் கொசு பிடித்தாலும் அது ஓர் ஊர்தான். அந்த ஊர் ஓடைக்கு அருகில் இருக்கிறதா, மாடுகள் அதிகமா என்பவை அந்த ஆயிரத்தையும் ஒரே பக்கம் சாய்த்துவிடும். ஓர் ஊரில் பத்து இரவு தங்குவதைவிடப் பத்து ஊரில் ஓரிரவு தங்குவது மேல் என்று சொல்லிவிட்டு, உங்கள் கால்களை நினைத்துச் சற்றுத் தயங்குகிறேன்.

கொசுவுக்குள் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேடுவதை உங்கள் முதன்மை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். பரவல் குறைந்த இடங்களில் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஸ்போரோசோயிட் (மனிதருக்குத் தொற்றும் நிலையை அடைந்த ஒட்டுண்ணி) உள்ள கொசுக்கள் நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவாகவே இருக்கும். 300 கொசுக்களைச் சோதித்து ஒன்றில்கூட இல்லை என்றாலும், உண்மையான விகிதம் 1 சதவீதம் வரை இருக்கக்கூடும் என்பதைத்தான் அந்தப் பூஜ்யம் சொல்கிறது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தால்தான் முன்னும் பின்னும் ஒப்பிட முடியும்.

நோயாளிகளின் எண்ணிக்கை குறையவில்லை என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவற்றில் எத்தனை வைவாக்ஸ், எத்தனை ஃபால்சிபாரம் என்று பிரித்தீர்களா? மற்றொரு மலேரியா ஒட்டுண்ணியான வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கிக் கிடந்து வாரங்கள், மாதங்கள் கழித்து மறுபடி காய்ச்சலாக எழும். இன்று ஒரு கொசுகூடக் கடிக்காவிட்டாலும் சென்ற ஆண்டின் கடி இந்த ஆண்டுப் பதிவேட்டில் ஏறும். பரிசோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தால் அதனாலும் கண்டறியப்படுபவர்கள் கூடுவார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட, ஊரைவிட்டு எங்கும் போகாத குழந்தைகளில் ஃபால்சிபாரம் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள்; உள்ளூரில், அண்மையில் நடந்த பரவலுக்கு அதைவிட நேரான சாட்சி உங்கள் பதிவேட்டில் கிடைக்காது.


காட்டுப்பாதை எழுதியது:

இருவருக்கும் நன்றி. பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன். வைவாக்ஸ் ஒரு பகுதிதான்; குழந்தைகளிலும் ஃபால்சிபாரம் இருக்கிறது, பெரியவர்களில் அதைவிட அதிகமாக இருக்கிறது. ஆகவே பரவல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டு தடங்கல்கள். எல்லா ஊர்களிலும் தெளித்து முடித்துவிட்டதால் ஒப்பீட்டுக்கு ஊர் மிச்சமில்லை. அடுத்து, சுவரில் கிடைக்காத கொசுவை இரவில் எப்படிப் பிடிப்பது? ஆளை உட்காரவைத்து, காலில் வந்து அமரும் கொசுவைப் பிடிக்கும் பழைய முறையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். என் பூச்சிப்பிடிப்பாளர்கள் இருவரும் தயார் என்கிறார்கள். அவர்களைத் தெரிந்தே கொசுவுக்கு முன் உட்காரவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.


உறிஞ்சுகுழல் எழுதியது:

நான் முப்பது ஆண்டு பூச்சிப்பிடிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். காலை நீட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன், அதனால் மலேரியாவும் வாங்கியிருக்கிறேன். தடுப்பு மாத்திரை, எழுத்து மூலமான சம்மதம், அறநெறிக் குழுவின் அனுமதி ஆகிய மூன்றும் இல்லாமல் அந்த வேலையைச் செய்யவைக்காதீர்கள். மாத்திரை மலேரியாவைத்தான் தடுக்கும். கொசு கொண்டுவரும் மற்ற நோய்களுக்கு அது உதவாது. உங்கள் தயக்கம் நியாயமானது.

அதற்குப் பதிலாக ஒளிப்பொறி இருக்கிறது; சிறு விளக்கும், அருகில் வரும் கொசுவைப் பைக்குள் இழுக்கும் விசிறியும் கொண்ட பொறி. அதை வெறும் வீட்டில் மாட்டினால் பயன் இல்லை; உள்ளே ஒருவர் வலைக்குள் படுத்திருக்க வேண்டும், பொறியை அவர் கால்மாட்டில், தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொங்கவிட வேண்டும். ஆளின் வாசனைக்கு வந்து வலையைத் தாண்ட முடியாமல் சுற்றும் பசித்த கொசுக்கள்தான் அதில் விழும். அவை இரத்தம் குடிக்காதவை என்பதால், மேலே சொன்ன சூலகச் சோதனைக்கு ஏற்றவையும் அவையே. 6 வோல்ட் மின்கலம் போதும், ஆனால் அதன் கனம் நடக்கும்போதுதான் தெரியும். எங்கள் குழுவில் பொறியைத் தூக்க ஆள் இருக்கும், மின்கலத்தைத் தூக்க ஆள் இருக்காது. தொங்கவிடும் கயிற்றில் ஒரு விரற்கடை அளவுக்குக் கிரீஸ் தடவ மறக்காதீர்கள். மறந்த இரவில் எறும்பு இறங்கி, விடிந்து பார்க்கும்போது பைக்குள் இறக்கைகளும் கால்களும் மட்டுமே மிஞ்சியிருக்கும். எந்தப் பாடத்திலும் இதைச் சொல்லித்தரவில்லை, மூன்று இரவுகளை இழந்து கற்றுக்கொண்டேன்.

உங்கள் கேள்விக்கு நேர் விடை தருவது சன்னல் பொறி. சன்னலுக்கு வெளிப்புறம் வலைத்துணியாலான ஒரு கூண்டைப் பொருத்துவார்கள், உள்நோக்கிய புனல் போன்ற வாய் அதற்கு உண்டு. வீட்டைவிட்டு வெளியேறும் கொசு அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும். சன்னல் இல்லாத வீடுகளில் கூரை இடுக்கில் பொருத்தியிருக்கிறோம். விடிந்ததும் கூண்டில் இருப்பவற்றின் வயிற்றைப் பாருங்கள். சிவப்பாக உப்பியிருந்தால் அன்றிரவு உள்ளே ஒருவரைக் கடித்துவிட்டு வெளியேறியது. அவற்றைக் காகிதக் குவளையில் போட்டு, சர்க்கரை நீரில் நனைத்த பஞ்சை மேலே வைத்து, ஈரத்துணி போர்த்தி ஒரு நாள் வைத்திருங்கள். செத்தால், மருந்து வெளியே வந்தும் கொன்றது என்று பொருள். மறுநாளும் சுறுசுறுப்பாக இருந்தால், நுண்ணோக்கி ஐயா சொன்னது போலச் சுவர் வெறும் எரிச்சலைத்தான் கொடுத்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. பெரியவர்களிடம் காய்ச்சல் அதிகம் என்கிறீர்கள். அவர்கள் இரவில் எங்கே தூங்குகிறார்கள் என்று விசாரித்தீர்களா? விதைப்பு, அறுவடைக் காலத்தில் ஊரில் தெளித்த வீடு பூட்டிக் கிடக்கும், குடும்பத்தில் பாதிப் பேர் காட்டை ஒட்டிய காவல் குடிசையில் இருப்பார்கள். அந்தக் குடிசைக்குச் சுவரே இருக்காது, மருந்தை எதில் அடிப்பது? தென்கிழக்கு ஆசியக் காடுகளில் டைரஸ் என்ற இனம் இப்படிப்பட்ட இடங்களில்தான் ஆளைப் பிடிக்கிறது. ஒரு பொறியை அங்கேயும் கொண்டுபோங்கள்.


நுண்ணோக்கி எழுதியது:

கிரீஸ் விஷயத்தை நானும் குறித்துக்கொண்டேன்.

கொசுவுக்கு மருந்து பழகிவிட்டதா என்பதைத் தனியாகச் சோதித்தாக வேண்டும். சோதனைக் குழாயில் மருந்தேற்றிய தாளுடன் ஒரு மணி நேரம் வைத்து, 24 மணி நேரம் கழித்து எத்தனை செத்தன என்று பார்ப்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. 98 சதவீதமோ அதற்கு மேலோ செத்தால் மருந்து வேலை செய்கிறது, 90-க்குக் கீழே போனால் எதிர்ப்புத்திறன் உறுதி. சுவரில் மருந்து இன்னும் வீரியத்தோடு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு மருந்துக்கு அடங்கும் கொசுக்களைக் கூம்பு வடிவக் குப்பிக்குள் விட்டுச் சுவரோடு 30 நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். மண் சுவர் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், தெளித்த மறுமாதமே சாணம் மெழுகினால் மருந்து மெழுக்குக்கு அடியில் போய்விடும். கொசுவைக் குறை சொல்வதற்கு முன் சுவரைப் பார்த்துவிடுவது நல்லது.

இனம் பிரிப்பதையும் விட்டுவிடாதீர்கள். கென்யாவின் மேற்குப் பகுதியில் வலைகள் பரவலான பிறகு காம்பியே இனம் சுருங்கி, தோற்றத்தில் அதிலிருந்து பிரித்தறிய முடியாத அரேபியென்சிஸ் மேலோங்கியது. அது மாட்டையும் கடிக்கும், வெளியிலும் கடிக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணியிருந்தால் அந்த மாற்றமே தெரிந்திருக்காது. சூலகம் எடுத்த பிறகு மிஞ்சும் தலை, மார்பு, கால்களை, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட சிறு குப்பியில் பஞ்சுக்கு மேல் வைத்து, பென்சிலால் எழுதிய சீட்டைச் சேர்த்து மூடுங்கள். மரபணுச் சோதனைக்கு ஒரு காலே போதும். தலையும் மார்பும் பிற்பாடு ஒட்டுண்ணிச் சோதனைக்கு உதவும். வயிற்றை அதோடு சேர்க்க வேண்டாம், அங்கே முதிராத ஒட்டுண்ணி இருந்தால் சோதனை தவறாக ஆமென்று சொல்லிவிடும்.


கணக்கர் எழுதியது:

ஒப்பீட்டு ஊர் இல்லை என்பதற்கு: அடுத்த சுற்றுத் தெளிப்பு எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் நடக்கப் போவதில்லை, குழு ஊர் ஊராகத்தான் போகும். எந்த ஊர் முதலில், எந்த ஊர் கடைசியில் என்பதைச் சாலைக்கு அருகாமையை வைத்து முடிவு செய்யாமல் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யச் சொல்லுங்கள். கடைசியில் தெளிக்கப்படும் ஊர்கள் அதுவரை ஒப்பீட்டு ஊர்களாக இருக்கும், யாருக்கும் மருந்து மறுக்கப்படவும் இல்லை. சென்ற ஆண்டு மருந்து தேய்ந்திருக்கும் காலம் என்பதால் வேறுபாடு தெரியும்.

ஒரு பழைய பாடத்தையும் அறிக்கை எழுதும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வட நைஜீரியாவின் கார்க்கி பகுதியில் 1969 முதல் 1976 வரை நடந்த ஆய்வில், புரொபாக்சர் என்ற பூச்சிமருந்தைத் தெளித்துக் கொசுக்களின் பரப்பும் ஆற்றலைப் பெருமளவு குறைத்த பிறகும், இரத்தத்தில் ஒட்டுண்ணி உள்ளவர்களின் விகிதம் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆண்டுக்குப் பல முறை தொற்றுக் கடி வாங்கும் ஒருவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலும் நோய் வரப் போதும். உங்கள் சூலகக் கணக்கு நன்றாக வந்து காய்ச்சல் பதிவேடு நகராமல் இருந்தால், இரண்டில் ஒன்று பொய் என்று பொருளில்லை.


காட்டுப்பாதை எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். சீட்டுக் குலுக்கலுக்கு மேலதிகாரி ஒப்புக்கொண்டார், ஓடைக்கு அப்பால் உள்ள இரண்டு ஊர்களைத் தவிர. அவற்றைத் தண்ணீர் வருவதற்குள் முடித்தாக வேண்டுமாம். அவற்றைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறேன். மிச்சமுள்ள எட்டு ஊர்களில் ஊருக்கு நான்கு ஒளிப்பொறி, இரண்டு சன்னல் பொறி, காவல் குடிசையில் ஒரு பொறி. சுவர்க் கணக்கையும் நிறுத்தவில்லை, பழைய எண்களோடு ஒப்பிட அது வேண்டும்.

உறிஞ்சுகுழல் ஐயாவிடம் ஒரு கேள்வி: காவல் குடிசையில் படுப்பவர்கள் வலையைக் கட்டுவதற்குக் கம்பம் இல்லை என்கிறார்கள். வலை இல்லாமல் படுத்திருப்பவர் பக்கத்தில் பொறி மாட்டினால் கிடைக்கும் எண்ணை வீட்டு எண்ணோடு வைத்துப் பார்க்க முடியுமா, அல்லது நாங்களே கம்பம் நட்டு வலை கட்டிக் கொடுக்க வேண்டுமா?


உறிஞ்சுகுழல் எழுதியது:

கட்டிக் கொடுங்கள். வலை இல்லாவிட்டால் கொசு ஆளிடமே போய்விடும், பொறிக்கு வராது. அந்த எண்ணை எதோடும் ஒப்பிட முடியாது. நான்கு மூங்கில் போதும். விடிந்து பொறியைக் கழற்றும்போது கம்பங்களையும் வலையையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.